வீட்டு வாசலில் அழகுப்புல்: எதை நடலாம், எதைத் தொடக்கூடாது

தோட்டத்தில் வேலை பார்த்த தலைமுறைக்குப் புல் என்றால் வெட்ட வேண்டியது, பிடுங்க வேண்டியது, மருந்தடித்துக் கொல்ல வேண்டியது. ரப்பருக்கும் செம்பனைக்கும் போடுகிற உரத்தை அது தின்றுவிடும் என்று அதன் பின்னாலேயே ஆள் அனுப்பிய காலம் உண்டு. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தாமான் வீட்டு வாசலில் ஐந்தடி மண் கிடைத்தால், நர்சரிக்குப் போய்க் காசு கொடுத்துப் புல் வாங்கி நடுகிறார்கள். செம்பழுப்பு இலையும் பூனை வால் போன்ற பூவும் காற்றில் ஆடும்போது வீட்டுக்கு ஒரு களை வந்துவிடுகிறது. பூச்செடிகளைப் போல் தினமும் கவனிக்கவும் தேவையில்லை.

ஆனால் ஆறே மாதத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள். சிலருடைய புல் நடுவில் அழுகிப் போகிறது. சிலருடையது வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. வளர்ப்பவர்கள் படிக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை என்பது இதற்கு ஒரு காரணம். “குளிர்காலம் முடியும்போது வெட்டிவிடுங்கள்” என்று அவற்றில் இருக்கும். அங்கே குளிர் வந்தால் புல் தானாகத் தூங்கிவிடும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு முழுவதும் பகல் பொழுது ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம், வெயிலும் மழையும் மாறி மாறி வரும். இங்கே புல் தூங்குவதே இல்லை. அதனால் இரண்டு விஷயங்களை வளர்ப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்கும்போதே சரியான ரகத்தைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. எப்போது வெட்டுவது, எப்போது பிரித்து நடுவது என்று கணக்கு வைத்துக்கொள்வது மற்றொன்று.

குத்துப்புல்லா, ஓடும் புல்லா?

நர்சரியில் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, அது எப்படிப் பரவும் என்பதை. புல்லில் இரண்டு குணம் உண்டு. ஒரு வகை அடியிலேயே தூர் கட்டி, நின்ற இடத்திலேயே வட்டமாகப் பெருகும். செராய் அப்படித்தான். இன்னொரு வகை மண்ணுக்கு மேலோ அடியிலோ தண்டை ஓட்டி, கணுவுக்குக் கணு புதுச் செடி கிளப்பும். அருகம்புல்லும் லாலாங்கும் அந்த இனம்.

கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பத் தேவையில்லை. பூச்சாடியைத் தூக்கி அடிப்பக்கத் துளைகளைப் பார்க்கலாம். ஈட்டி முனை போல வெள்ளையான கூர்முனைகள் துளை வழியாக வெளியே எட்டிப் பார்த்தால், அது ஓடும் புல். மெல்லிய வேர் மட்டும் சுருண்டு கிடந்தால் பயமில்லை. மேற்பக்கத்தில் தளிர்கள் ஒன்றையொன்று ஒட்டி, விசிறி மாதிரி கிளம்பியிருந்தால் அது குத்துப்புல். தளிர்கள் சாடியின் நான்கு ஓரங்களிலும் தனித்தனியாக முளைத்திருந்தால், நிலத்தில் வைத்த பிறகு அது எங்கெங்கே முளைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

லாலாங்கைப் பற்றித் தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எரித்தாலும் வரும், வெட்டினாலும் வரும். உயிர் அதன் இலையில் இல்லை, மண்ணுக்கடியில் ஓடும் தண்டில் இருக்கிறது. அந்தத் தண்டில் விரலளவு துண்டு மிஞ்சினாலும் போதும். 1960களுக்கு முன்பு மலாயா தோட்டங்களில் இதை ஒழிக்க ஆர்சனிக் கலந்த சோடியம் ஆர்சனைட் மருந்தைத் தெளித்தார்கள். அவ்வளவு கொடிய விஷம் தேவைப்பட்ட களை அது. இதே லாலாங்கின் சிவப்பு இலை ரகம் ஒன்று “ஜப்பானிய இரத்தப் புல்” என்ற பெயரில் அழகுச் செடியாக வெளிநாடுகளில் விற்கப்படுகிறது. பார்ப்பதற்கு நெருப்புப் பிடித்தாற்போல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் சில தளிர்கள் மறுபடியும் பச்சைக்குத் திரும்பிவிடும். பச்சையானது பழைய லாலாங்கின் வேகத்தில் ஓடத் தொடங்கும். அமெரிக்காவின் சில மாநிலங்களில் இதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. இணையத்தில் விதையோ கிழங்கோ கிடைக்கிறது என்று வரவழைக்க ஆசைப்படுவோர் யோசிக்க வேண்டும்.

லாலாங்குக்கு இன்னொரு முகமும் உண்டு. சடங்குகளில் தர்ப்பையாக இந்தப் புல்லையே பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். தேவைப்படுபவர்கள் வெளியில் வளர்வதை அறுத்து வந்து உலர்த்திக்கொள்வது நல்லது. வீட்டு மண்ணில் நட வேண்டாம்.

அருகம்புல்லை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புவோர் ஏராளம். விநாயகர் சதுர்த்தி சமயத்தில் கடையில் வாங்குவது வாடிப்போய்த்தான் இருக்கும். அருகம்புல்லை அகலமான சாடியில் வளர்க்கலாம். சாடியை மண் மீது வைக்காமல் சிமெண்டுத் தரையில், செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். மண் மீது வைத்தால் அடித்துளை வழியாக வேர் இறங்கி, அடுத்த வருடம் வாசல் முழுக்க அருகம்புல்தான். ஓரத்தில் தொங்கும் தண்டுகளையும் தரையைத் தொடும் முன் கத்தரித்துவிட வேண்டும்.

இந்த வெயிலுக்கு ஏற்றவை

வாசலுக்கு நிறம் வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது செவ்விலை நீரூற்றுப் புல். பென்னிசெட்டம் இனம். மூன்று நான்கு அடி உயரம் வரும். கருஞ்சிவப்பு இலை, அதற்கு மேல் அணில் வால் போன்ற இளஞ்சிவப்புப் பூங்கதிர். இதற்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். வெயில் குறைந்தால் சிவப்பு மங்கிப் பச்சையும் பழுப்புமாகக் குழம்பிவிடும், தண்டும் சாய்ந்துவிடும். மாமரத்து நிழலில் நட்டுவிட்டு “கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்” என்று சொல்வதில் பயனில்லை.

இந்தச் செவ்விலை ரகம் அநேகமாக முளைக்கும் விதை வைப்பதில்லை. அதுதான் அதன் பெரிய நன்மை. அதன் பச்சை இலை உறவுக்காரப் புல் அப்படியில்லை. விதை காற்றில் பறந்து போகும், வாகனங்களிலும் விலங்குகளிலும் ஒட்டிக்கொண்டும் போகும். ஹவாய் தீவுகளில் அது காடுகளுக்குள் புகுந்து, காய்ந்து, தீ பரவ வழி செய்து பெரும் தொல்லையாகிவிட்டது. மலிவாகக் கிடைக்கிறது என்று பச்சை ரகத்தை வாங்குவதைத் தவிர்ப்பதே நல்லது.

மறைப்பு வேண்டும், அடுத்த வீட்டு ஜன்னல் தெரியக்கூடாது என்பவர்களுக்குப் புலிப்புல் எனப்படும் தைசனோலீனா பொருந்தும். மூங்கில் இலை போல அகன்ற இலை, ஆறடிக்கு மேல் வளரும். ஆனால் மூங்கில் மாதிரி வேலியை உடைத்துக்கொண்டு ஓடாது. பாதி நிழலையும் தாங்கும். இதன் பூங்கதிரை உலர்த்திக் கட்டினால் அதுதான் வீட்டுக்குள் பெருக்குகிற மென்மையான புல்லு விளக்குமாறு. வடகிழக்கு இந்தியாவில் இதற்காகவே பயிரிடுகிறார்கள்.

செராய் எல்லோருக்கும் தெரிந்தது. சமையலுக்கு வேண்டும் என்று பின்கட்டில் ஒதுக்கிவைக்கிறார்கள். வரிசையாக நட்டு ஒழுங்காக வெட்டி வைத்தால் வாசல் ஓரத்துக்கே அழகான பசும் வேலியாகும். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சமையல் செராயும், கொசுவர்த்தி எண்ணெய் எடுக்கும் செராய் வாங்கியும் வேறு வேறு புல். செராய் வாங்கியின் அடித்தண்டு செந்நிறம் காட்டும், உயரமும் அதிகம், சமையலுக்கு ஆகாது. செராய் நட்டால் கொசு வராது என்று சொல்வதும் அவ்வளவு சரியில்லை. வாசனை எண்ணெய் இலைக்குள் இருக்கிறது. இலையைக் கசக்கினால்தான் வெளியே வரும். செடி சும்மா நிற்பதால் கொசு ஓடிவிடாது. பாம்பு வராது என்பதும் அப்படியே. வெட்டாமல் புதராக விட்ட குத்துக்குள் எலி குடியேறும், எலியைத் தேடிப் பாம்பு வரும். பாம்புக்கு அஞ்சுபவர்கள் செய்ய வேண்டியது, குத்தின் அடியில் அரை அடி உயரத்துக்குக் காய்ந்த இலையை நீக்கி, தரை கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருப்பதுதான்.

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து நீலநிறக் குட்டைப் புல் தேடுபவர்கள் இருக்கிறார்கள். பெஸ்டுகா என்ற அந்தப் புல் குளிர்ப்பிரதேசத்துக்காரர். கிள்ளானிலும் ஈப்போவிலும் உள்ள புழுக்கத்தில் சீக்கிரமே அடியழுகிவிடும். கேமரன் மலைப் பக்கம் வீடு உள்ளவர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம்.

வெயிலே இல்லாத இடத்துக்கு மாண்டோ புல் இருக்கிறது. உண்மையில் அது புல் இனமே இல்லை, தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். கார் நிறுத்தும் கூரைக்கு ஓரத்திலும், வீவக வீட்டுத் தாழ்வாரத்திலும் நன்றாக நிற்கும். தாழ்வாரத்தில் சாடி அடுக்கும்போது, தீயணைப்பு விதிப்படி நடப்பதற்கு 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பதைச் சிங்கப்பூர்வாசிகள் மறக்கக்கூடாது. உயரமான புல்லின் இலை வெளியே வளைந்து விழும், அதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

நீர்ச்சாடியில் வைக்கும் குடைக்கோரையும் அழகுதான். அதுவும் புல் இல்லை, கோரை. தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் முக்கோணமாகத் தெரியும். தேங்கிய நீரில் வைப்பதால் ஏடிஸ் கொசுவின் நினைப்பு வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு இந்த வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாள் போதும். நாலைந்து கப்பி மீன்களை விடலாம். முடியாதவர்கள் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிச் சாடியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவலாம். வெறும் நீரை மாற்றினால் சுவரில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும். மற்றப் புற்களின் சாடிக்கு அடியில் தட்டு வைக்காமல் இருப்பதே மேல். அபராதத்தை விட டெங்கிக் காய்ச்சல் பெரிய நஷ்டம்.

வெட்டிவேர்: தோட்டத்துக்குத் தெரிந்த புல்

சரிவான மண்ணில் வீடு உள்ளவர்கள், மழைக்கு வாசல் மண் கரைந்து கால்வாயில் போகிறதே என்று கவலைப்படுபவர்கள், வேறு எந்தப் புல்லையும் விட வெட்டிவேரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். மலாயில் இதை அக்கார் வாங்கி என்பார்கள். இலை ஐந்தடி வரை உயரும். வேர் பக்கவாட்டில் போகாமல் நேர் கீழே இறங்கும். நல்ல மண்ணில் முதல் ஆண்டிலேயே மூன்று மீட்டருக்கு மேல் இறங்கிவிடும்.

1980களில் உலக வங்கியின் மண்வளத் திட்டத்தில் இந்தியாவில் வேலை செய்த நிபுணர்கள், கர்நாடகத்தில் மைசூருக்குத் தெற்கே குண்டுலுப்பேட்டை வட்டாரத்து விவசாயிகள் வெட்டிவேரை வயல் எல்லை வேலியாகக் காலங்காலமாக நட்டு வருவதைக் கண்டார்கள். தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் அது. அந்த வேலி மழைநீரை வடிகட்டி விட்டு மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. அங்கிருந்துதான் இந்தப் புல் உலகம் சுற்றியது. மலேசியாவில் ரப்பர் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பி. கே. யூன் இதை நட்டு ஆராய்ந்து 1991இல் அறிக்கை வெளியிட்டார். அதன் பிறகு நெடுஞ்சாலைச் சரிவுகளில் இதை நட்டார்கள். பொறியியலாளர் தித்தி ஹெங்சாவோவனிச் இதன் வேரை இழுத்துச் சோதித்தபோது சராசரி இழுவலிமை 75 மெகாபாஸ்கல் என்று தெரியவந்தது. சாதாரண இரும்புக் கம்பியின் வலிமையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஒரு புல்லின் வேருக்கு இது பெரிய வலிமை.

வீட்டில் நடும்போது தென்னிந்திய ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும். அது முளைக்கும் விதை வைக்காது, தானாகப் பரவாது. வட இந்தியக் காட்டு ரகம் விதை வைக்கும். மூன்று நான்கு தூர் சேர்ந்த கன்றுகளைச் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், அரை அடிக்கும் குறைவான இடைவெளியில் வரிசையாக நட வேண்டும். இடைவெளியைக் கூட்டி நட்டால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் பாய்ந்து மண்ணை அரித்துக்கொண்டே போகும். நிழல் இதற்கு ஆகாது. மேலே மரம் கவிந்த சரிவில் நட்டால் இரண்டு ஆண்டில் மெலிந்து போகும். பெரிய சரிவு விழுந்துகொண்டிருக்கும் இடத்தில் புல்லை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது. அதற்கு ஊராட்சி மன்றத்திடம் முறையிட்டுப் பொறியியலாளர் பார்க்க வேண்டும்.

நடுவது

தாமான் வீட்டு மண் பெரும்பாலும் வீடு கட்டியவர்கள் கொட்டி மிதித்த செம்மண். மேலே இரண்டு அங்குலம் கறுப்பு மண்ணைத் தூவிப் புல் பதித்துவிட்டுப் போயிருப்பார்கள். அதில் குழி தோண்டி நட்டால் குழி ஒரு கிண்ணமாகி மழைநீர் தேங்கும். புல் சாவதற்கு இங்கே முதல் காரணம் இதுதான், வெயில் இல்லை. குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் அங்கே குழியில் நடாமல், அரை அடி உயரத்துக்கு மேடு கட்டி நட வேண்டும். மண், மணல், மக்கிய உரம் மூன்றும் சம அளவில் கலந்தால் போதும். கருக்கிய உமி கிடைத்தால் மணலில் பாதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம்.

சாடியில் எந்த உயரத்தில் மண் இருந்ததோ அதே உயரத்தில்தான் நிலத்திலும் இருக்க வேண்டும். தண்டு ஆடாமல் நிற்கட்டும் என்று மண்ணை மேலே ஏற்றிக் கட்டினால் தூர் அழுகும். மூடாக்குப் போடும் சருகையும் தூரிலிருந்து நான்கு விரல் தள்ளியே பரப்ப வேண்டும். புல் முழு வளர்ச்சியில் எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அவ்வளவு இடைவெளி விடலாம். முதல் மூன்று மாதம் வெறிச்சென்று தெரியும். பொறுக்க முடியாதவர்கள் நடுவில் கீரையைத் தூவிவிடலாம்.

முதல் ஆறு வாரம் மழை இல்லாத நாளில் தினமும் நீர் ஊற்ற வேண்டும். பிறகு நிலத்தில் உள்ளதற்கு வாரம் இருமுறை போதும். சாடியில் உள்ளதற்குத் தினமும் வேண்டும். உரத்தில் கை நீளக்கூடாது. கோழி எரு உருண்டையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி போட்டால் போதும். செம்பனைக்குப் போடுகிற கணக்கில் போட்டால் இலை கொழுத்துச் சாயும், பூவும் வராது, மாவுப்பூச்சியும் சேரும். இலையடியில் வெள்ளை மாவு போலத் தெரிந்து, எறும்பு ஏறி இறங்கினால் அது மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் இலையிடுக்கில் படும்படி தெளிக்கலாம். காலையில் நல்ல நீரால் கழுவிவிட வேண்டும்.

வெட்டுவதும் பிரிப்பதும்

புல்லின் வளரும் முனை உச்சியில் இல்லை, அடியில் இருக்கிறது. அதனால்தான் ஆடு மேய்ந்தாலும் புல் மறுபடி வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் கத்தியை எடுக்கப் பயம் வராது. இலையில் பாதிக்கு மேல் காய்ந்து பழுத்திருந்தால் வெட்டும் நேரம். இங்கே அது ஆண்டுக்கு இருமுறை வரும். நல்ல மழை தொடங்கும் பருவத்தை ஒட்டி வெட்டினால் சீக்கிரம் தழைக்கும். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் மழை கூடும் என்பதால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு வெட்டு, ஆவணிக் கடைசியில் ஒரு வெட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆவணியில் வெட்டியது பெரும்பாலும் தீபாவளிக்குப் புது இலையோடு நிற்கும். கிளந்தான், திரங்கானு, பகாங் கடலோரத்தில் உள்ளவர்கள் நவம்பர் பெருமழைக்கு நன்றாக முன்பே முடித்துவிட வேண்டும். வெட்டிய தூரில் வாரக்கணக்கில் நீர் நின்றால் அழுகல்தான்.

முதலில் ரஃபியா கயிற்றால் குத்தை இடுப்பில் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு கயிற்றுக்குக் கீழே அறுத்தால் ஒரே கட்டாக வந்துவிடும், வாசல் முழுக்கப் பொறுக்க வேண்டியதில்லை. நீரூற்றுப் புல்லை அரை அடி விட்டு வெட்டலாம். செராய், வெட்டிவேர் இரண்டையும் ஒரு அடி விட்டு வெட்டுவது நல்லது. நீளக்கை சட்டையும் கையுறையும் அவசியம். புல் இலையின் ஓரத்தில் மணல்சத்து பல் பல்லாக இருப்பதால் பிளேடு போலக் கிழிக்கும். குனிந்து வெட்டும்போது இலை நுனி கண்ணில் குத்தும், மூக்குக்கண்ணாடியாவது போட்டுக்கொள்ள வேண்டும். அறுத்த புல்லை எரிக்கக்கூடாது. மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி திறந்தவெளி எரிப்பு குற்றம். நறுக்கி மூடாக்காகப் போட்டால் மண்ணுக்கே திரும்பிப் போகும்.

இரண்டு மூன்று ஆண்டில் குத்தின் நடு மண்டை காய்ந்து, சுற்றிலும் மட்டும் பச்சையாகத் தெரியும். செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துப் பிடுங்கி எறிபவர்கள் உண்டு. அது பிரித்து நடச் சொல்லும் அடையாளம். முதல் நாள் நன்றாக நீர் ஊற்றி, மறுநாள் குத்தோடு தோண்டி எடுத்து, பாராங் கத்தியால் நாலைந்தாகப் பிளக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று முதல் ஐந்து தூரும் வேரும் இருக்கட்டும். நடுவில் காய்ந்த பகுதியை நீக்கிவிட்டு, இலையை அரை அடிக்கு வெட்டி, நட்ட பிறகு ஒரு வாரம் நிழல் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். ஒரு சாடி வாங்கியவர் இரண்டு ஆண்டில் வாசல் முழுக்க வரிசை கட்டுவது இப்படித்தான். முதலிலேயே இருபது சாடி வாங்குவது வீண் செலவு.

மருந்துப் போத்தல்

அழகுப்புல்லுக்கு இடையில் களை முளைக்கும்போது பழைய பழக்கம் தலைகாட்டும். தோட்டத்தில் பல ஆண்டு மருந்தடித்த கைகள் பம்பைத் தேடும். களைக்கொல்லிக்கு எது களைப்புல், எது காசு கொடுத்து வாங்கிய புல் என்று தெரியாது. கிளைபோசேட் போன்றது இரண்டையும் வேரோடு முடித்துவிடும். காற்றில் வந்த சாரல் பட்டாலே போதும். குத்துக்கு இடையில் வரும் களையை மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது கையால் பிடுங்குவதுதான் வழி. சருகு மூடாக்கு இரண்டு அங்குலம் இருந்தால் களை பாதியாகக் குறையும்.

பாராகுவாட் வேறு கதை. 1960களிலிருந்து தோட்டங்களில் பெண்கள் முதுகில் பம்பு கட்டிக்கொண்டு தெளித்த மருந்து அது. நகம் கறுத்துக் கழன்றவர்களும் மூக்கில் இரத்தம் வந்தவர்களும் தோட்டப்புறத்தில் இருந்தார்கள். ஒரு மிடறு உள்ளே போனாலும் நுரையீரல் கெட்டு உயிர் போகும், மாற்று மருந்து கிடையாது. மலேசியா 2002இல் தடையை அறிவித்து, 2006இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடை செய்தது. ஆனாலும் பழைய போத்தல்கள் சில வீட்டுப் பின்கட்டுகளிலும் கொட்டகைகளிலும் இன்னும் கிடக்கலாம். பெயர் அழிந்த போத்தலில், அதைவிட மோசமாகக் குளிர்பானப் போத்தலில், ஊற்றி வைத்த களைக்கொல்லி இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்ப்பது அவசியம். பேரப்பிள்ளைகள் விளையாட வரும் வீட்டில் அது இருக்கக்கூடாது. கண்டெடுத்தால் கால்வாயில் கொட்டாமல், மூடி இறுக்கி, பெயர் எழுதி ஒட்டி, பூட்டி வைத்துவிட்டு விவசாய இலாகாவிடம் விசாரிக்கலாம்.

வேலிக்கு வெளியே கால்வாய் ஓரத்தில் நடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த நிலம் பெரும்பாலும் நகராண்மைக் கழகத்துக்குச் சொந்தமானது. சந்தி மூலையில் உயரப்புல் நின்றால் வளைந்து வரும் மோட்டார் சைக்கிளோட்டிக்கு எதிரில் வருவது தெரியாது. அங்கே மாண்டோ போன்ற குட்டை வகைதான் சரி.

வெட்டிவேர் வளர்ப்பவர்களில் பலர் வேருக்காகவும் வளர்க்கிறார்கள். நிலத்தில் இறங்கிய வேரைத் தோண்டி எடுப்பது சாமானிய வேலையில்லை. சரிவில் நின்று மண்ணைப் பிடித்திருக்கும் குத்தைத் தோண்டவும் கூடாது. வேர் வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக, அடியில் துளையிட்ட பழைய பீப்பாயிலோ உயரமான பையிலோ மணல் கலந்த மண்ணில் ஒரு குத்து வைக்கலாம். ஒன்றரை ஆண்டு கழித்துப் பையைக் கிழித்து, மண்ணைத் தண்ணீரில் அலசினால் வேர் மொத்தமாகக் கைக்கு வரும். நுனியில் இரண்டு மூன்று தூரை மறுபடி நட ஒதுக்கிவிட்டு, வேரை நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் வாசனை போய்விடும். காய்ந்த வேரில் ஒரு சிறு பிடியைக் கழுவிக் குடிநீர்ப் பானையில் போடலாம். மூன்று நாளில் எடுத்துக் காயவைத்து, மறுபடியும் போடலாம்.